குடல் கழுவப் போன படிவக்காரர்

என் கொழுந்தனாருக்கு வேலை, பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே, நகலெடுக்கும் கடையின் வாசலோரமாக ஒரு மடக்கு மேசை, ஒரு மடிக்கணினி, நான்கு பேனா, ஒரு மைப்பெட்டி. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். பிறப்பு, இறப்பு, திருமணம், முகவரி மாற்றம், தொலைந்துபோன சான்றிதழ் என்று எது வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எல்லோரும் கணினியிலேயே விண்ணப்பிக்கலாம் என்று அலுவலகம் அறிவித்தபோது, இனி இவர் கதை முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். நடந்தது வேறு. கையால் எழுதத் தெரிந்தவர்கள்கூடக் கணினியைக் கண்டு மிரண்டுபோய் அவரிடம் வந்தார்கள். வரிசை இரண்டு மடங்கானது.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. கேள்விக்கு எதிரே 'ஆமாம்' என்று எழுதவே கூடாது. 'இதற்கு முன் வேறு முகவரியில் வசித்ததுண்டா?' இல்லை. 'இதே சான்றிதழுக்கு முன்பு விண்ணப்பித்ததுண்டா?' இல்லை. எதிரே நிற்கும் ஆள் வாயைத் திறப்பதற்குள் எழுதி முடித்திருப்பார்.

"ஆமாம்னு எழுதினா கீழ 'விவரம் இணைக்கவும்'னு போட்டிருப்பான் அண்ணி" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "இணைப்புன்னா இன்னொரு ஃபாரம். அதுல ஒரு ஆமாம், அதுக்கு ஒரு இணைப்பு. அந்த ஆளு பேரன் பேத்தி எடுத்தாலும் சான்றிதழ் வராது. இல்லைன்னு எழுதிட்டா அவன் வேலையும் முடிஞ்சுது, நம்ம வேலையும் முடிஞ்சுது."

அவர் எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதனால் அந்தத் தெருவில் அவருக்குப் 'படிவக்காரர்' என்ற பேரும், கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் அவருடைய அண்ணன் மனைவி. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்று, முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் வயிற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்தவள். படுக்கைத் தட்டு வைத்தது, துடைத்தது, புரட்டியது, எனிமா கொடுத்தது எல்லாம் இந்தக் கைகள்தான். அருவருப்பு என்ற சொல்லை முதல் மாதமே வார்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டேன். வயது இப்போது எழுபத்தொன்று.

படிவக்காரருக்கு நெடுநாளாக மலச்சிக்கல். ஆகாமல் என்ன செய்யும்? ஒன்பது மணி நேரம் நாற்காலியில். தண்ணீர் குடித்தால் எழுந்து போகவேண்டி வரும், எழுந்து போனால் வரிசை கலைந்துவிடும் என்று வாயைக்கூட நனைக்கமாட்டார். காலையில் செய்தித்தாளோடு குளியலறைக்குள் போனால் விளம்பரம் உள்பட எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வெளியே வருவார். வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகள் இதைச் சின்ன வயதிலிருந்தே கதவுக்கு வெளியே நின்று அனுபவித்தவள். அப்பா அம்மாவின் முப்பத்தெட்டாவது திருமண நாளுக்கு அவள் ஒரு பரிசு அனுப்பினாள். தண்ணீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்யும் ஒரு நிலையத்தில் இரண்டு பேருக்குச் சீட்டு.

என் ஓரகத்தி, அதாவது படிவக்காரரின் மனைவி, அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இந்த அநியாயத்தக் கேளுங்க. ஊர் உலகத்துல கல்யாண நாளுக்கு மோதிரம் குடுப்பாங்க, சுற்றுலா அனுப்புவாங்க. என் பொண்ணு எங்க ரெண்டு பேருக்கும் குடலக் கழுவ சீட்டு வாங்கியிருக்கா. ஜோடியாப் போகணுமாம்!"

"போயேன். ஒரு மணி நேர வேலைதான்."

"என் உயிரே போனாலும் போகமாட்டேன். நீங்க போங்க. உங்களுக்குத்தான் அந்த மாதிரி இடத்துலல்லாம் கூச்சம் கிடையாது."

அதே போனில் அவள் ஒரு பெருமையும் அடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு அக்கா. உங்க கொழுந்தனாருக்கு இந்த வயசுல புத்தி வந்திருக்கு. மூணு நாலு மாசமா அவர் உள்ளாடைய அவரே துவைச்சுக் காயப்போடறார். பக்கெட்டத் தூக்கி நகர்த்தக்கூடத் தெரியாத மனுஷன்!"

நல்லதுதானே என்று சொல்லிப் போனை வைத்தேன். முப்பத்திரண்டு வருட அனுபவம் அந்த நிமிடம் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

இந்தச் சிகிச்சை அவசியமா என்று என்னைக் கேட்டால், அவசியமில்லை என்றுதான் சொல்வேன். குடல் தன் வேலையைத் தானே செய்யத் தெரிந்த உறுப்பு. தண்ணீர் குடித்து, காய்கறி தின்று, கொஞ்சம் நடந்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். நச்சு வெளியேறும், முகம் பளபளக்கும் என்றெல்லாம் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எனிமா கொடுத்த எனக்கு, அந்தப் பக்கம் படுத்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்த ஆவலில்தான் ஒப்புக்கொண்டேன்.

நிலையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. வரவேற்பறையில் வெள்ளைச் சோபா, ஒரு மீன் தொட்டி, சுவரில் பெருங்குடலின் படம். படிவக்காரர் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தன்னோடு ஒரு ரப்பர் வளைய மெத்தையையும் கொண்டுவந்திருந்தார். "இடுப்பு வலி அண்ணி" என்றார், நான் கேட்காமலேயே.

சிகிச்சை செய்யும் பெண் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் நீல நிற உறை. அவளை நான் மனதுக்குள் நீலக்கை என்றே கூப்பிட்டுக்கொண்டேன். ஆளுக்கொரு படிவத்தை நீட்டி, "நிதானமாப் படிச்சு எழுதுங்க. இதுல சொல்றத வச்சுத்தான் நாங்க செய்யறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம்" என்றாள்.

நான் பையில் கண்ணாடியைத் தேடினேன்.

"கண்ணாடி எதுக்கு அண்ணி? நான் எதுக்கு இருக்கேன்?" என்று என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டார். படிவத்தைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. நான்கே நிமிடத்தில் இரண்டையும் முடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. வார்டில் புதிதாகச் சேரும் பெண்களிடம் 'படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே' என்று வருடக்கணக்கில் கத்தியவள் நான். இந்தத் தவறு என்னுடையதுதான்.

"யாரு முதல்ல?" என்றாள் நீலக்கை.

"பெரியவங்கதான் முதல்ல" என்றார் படிவக்காரர், ஏதோ விருந்துக்கு வழிவிடுவதைப்போல.

உள்ளே அறை சின்னது. ஒரு குறுகிய படுக்கை, அதன் பக்கத்தில் சுவரோடு பொருத்திய இயந்திரம், அதில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒவ்வொரு முள். ஒட்டினாற்போல் ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறை பக்கத்தில் இருந்தது எனக்குப் பிடித்தது. யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

முதலில் இரத்த அழுத்தம் பார்த்தாள். "சூப்பர்மா" என்றாள். பின்பக்கம் திறந்த அங்கியை மாட்டிக்கொண்டு இடது பக்கமாகப் படுத்தேன். முழங்கால்கள் இரண்டையும் வயிற்றுப் பக்கம் மடக்கச் சொன்னாள். எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன்!

"குழாய் புதுசா?"

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்மா. முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடுவோம்."

"என் கண்ணு முன்னால பாக்கெட்டப் பிரி."

பிரித்தாள். வழவழப்பான களிம்பைத் தாராளமாகத் தடவினாள். "மூச்ச இழுத்து விடுங்க" என்றாள். விரல் நீளக் குழாய் உள்ளே போனது. ஒரு நொடி சுருக்கென்றது, அவ்வளவுதான். பிறகு மெதுவாக மல்லாந்து படுக்க வைத்து, மேலே போர்வையைப் போர்த்தினாள். குழாயிலிருந்து இரண்டு வழி. ஒன்றில் வடிகட்டிய வெதுவெதுப்பான தண்ணீர் வரும், இன்னொன்றில் எல்லாம் வெளியே போகும்.

தண்ணீர் வருவது முதலில் தெரியவே இல்லை. உடம்பின் சூடும் அதன் சூடும் ஒன்று. கொஞ்ச நேரத்தில் வயிறு கனத்தது. அதன்பின் ஒரு அவசரம். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லத் தோன்றுமே, அந்த மாதிரி அவசரம்.

"இப்ப போகணும் போல இருக்கா?"

"இருக்கா இல்லையான்னு கேள்வியே இல்லம்மா."

சிரித்துக்கொண்டே வால்வைத் திருப்பினாள். மொத்தமும் தானாக வெளியேறியது. வாடை இல்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தது. மறுபடி தண்ணீர், மறுபடி கனம், மறுபடி விடுதலை. நடுநடுவே வயிற்றை வட்டமாகத் தடவிவிட்டாள். கை பதமான கை. இயந்திரத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, அதற்குப் பின்னால் விளக்குப் போட்டிருக்கிறார்கள். போவதை நாமே பார்க்கலாமாம்.

"சில பேர் ஆசையாப் பாப்பாங்க. நீங்க பாக்கறீங்களாம்மா?"

"நான் முப்பத்திரண்டு வருஷம் பாத்துட்டேன். நீ பாத்துச் சொல்லு."

"மக்காச்சோளம் சாப்பிட்டீங்களா?"

"முந்தாநாள்."

"தெரியுது."

இப்படிச் சினேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது முறை தண்ணீர் ஏறும்போது அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "எழுபத்தொரு வயசுல ஒரு மாத்திரை கூட இல்லாம இருக்கீங்களேம்மா. என் அம்மாவுக்கு அறுபதுதான், ஒரு டப்பா நிறைய மாத்திரை."

"யாருக்கு மாத்திரை இல்ல?"

"உங்களுக்குத்தான். இரத்த அழுத்தம் உண்டா? இல்லை. ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? இல்லை. நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான் பதினொரு வருடமாக அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அன்று காலையும் சாப்பிட்டேன். அதனால்தான் 'சூப்பர்மா' வந்தது. இதைச் சொன்னதும் நீலக்கையின் முகம் வெளுத்தது. உடனே தண்ணீரை நிறுத்தி, வால்வைத் திருப்பிவிட்டு, மறுபடி அழுத்தம் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மாத்திரையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"கட்டுப்பாட்டுல இருந்தா பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சா நான் ஒரு டாக்டரக் கேட்டுட்டுத்தான் தொட்டிருப்பேன். இதோட நிறுத்திக்கலாம்மா. ஏம்மா இப்படி எழுதினீங்க?"

"நான் எழுதல. வெளிய உட்கார்ந்திருக்காரே, அவர் எழுதினார்."

சொல்லும்போதே எனக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. எனக்கே இப்படி எழுதியவர், தனக்கு என்ன எழுதியிருப்பார்?

குழாயை எடுத்ததும் கழிப்பறையில் பத்து நிமிடம் உட்காரவேண்டும். மிச்சம் மீதி அங்கே போகும். அதைத் தவிர்க்க முடியாது. எழுந்து ஓடலாம் என்று மனம் சொன்னாலும் உடம்பு கேட்காது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தே குரல் கொடுத்தேன்.

"ஏம்மா, அவர் ஃபாரம் உன்கிட்ட இருக்கா? சத்தமாப் படி."

"அது... இன்னொருத்தர் விஷயம்மா. படிக்கக்கூடாது."

நியாயமான பதில்தான். நான் வேலை பார்த்தபோதும் இதையேதான் சொல்லியிருப்பேன். "சரி, பதில் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பஞ்சு மாத்தினது நான்தான். அறுவை சிகிச்சைன்னு ஒரு கேள்வி இருக்கும் இல்ல? அதுக்கு எதிர்ல என்ன இருக்குன்னு நீயே பாத்துக்கோ."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பன்னிரண்டு கேள்விம்மா" என்றாள் நீலக்கை கடைசியில். "பன்னிரண்டுக்கும் ஒரே பதில். கர்ப்பமா இருக்கீங்களாங்கற கேள்வி பெண்களுக்கு மட்டும். அதையும் விடாம எழுதியிருக்கார்."

"உண்மையான பதில் அது ஒண்ணுதான்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைக் கையில் தாங்கி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனுக்கு அறுபத்து நான்கு வயதில் திடீரென்று தன் உள்ளாடையைத் தானே துவைக்க வேண்டும் என்று எதற்காகத் தோன்றும்? உட்கார எதற்கு ரப்பர் வளையம்? இரண்டு மாதமாக அவர் இடுப்புவார் ஒரு துளை உள்ளே போயிருப்பதை நானே பார்த்திருந்தேன். என் கணவருக்கும் முதலில் இப்படித்தான் வார் இறங்கியது. அவர் பெருங்குடல் புற்றில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. என் கணவர் என்றால், வெளியே உட்கார்ந்திருப்பவரின் கூடப்பிறந்த அண்ணன்.

உள்ளே புண்ணோ கட்டியோ இருக்கும் குடலில் தண்ணீரை ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஓட்டை விழலாம். ஓட்டை விழாவிட்டாலும், எல்லாம் கழுவிப் போயிற்று என்ற நிம்மதியில் அவர் இன்னும் ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார். அது அதைவிட மோசம்.

நான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது படிவக்காரர் பக்கத்து அறையில் அங்கியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். கீழே இரண்டு குச்சிக் கால்கள். பின்பக்கத்தை ஒரு கையால் இழுத்து மூடிப் பிடித்திருந்தார்.

"என்ன அண்ணி, வலிச்சுதா?"

"எனக்கு வலிக்கல. உட்காருங்க தம்பி."

"எப்படி உட்கார்றது? பின்னாடி கதவே இல்ல."

"நான் பாக்காத பின்பக்கமா? உட்காருங்க."

உட்கார்ந்தார். வளைய மெத்தையின் மேல்தான். நீலக்கை கதவை மூடிவிட்டு நின்றாள்.

"உள்ளாடைய எதுக்கு நீங்களே துவைக்கிறீங்க?"

அவர் நீலக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அது... ஒரு சுத்தம்தான்."

"முப்பத்தெட்டு வருஷமா இல்லாத சுத்தம்?"

"மனுஷன் திருந்தக் கூடாதா அண்ணி?"

"எத்தன நாளா ரத்தம் போகுது?"

நான் இப்படி நேராகக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாய் தானாக "இல்..." என்று ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது.

"நாலு மாசம்" என்றார். "தினமும் கிடையாது. மூலமாத்தான் இருக்கும் அண்ணி. கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

"மூலமா இருந்தா எனக்கும் சந்தோஷம். ஆனா அத உள்ள பாத்துத்தான் சொல்லணும். கம்ப்யூட்டருக்கு உங்க குடல் தெரியாது."

"அதான் மொத்தமாக் கழுவிவிட்டா சரியாயிடும்னு..."

"கூரை ஒழுகுது. தரையத் துடைச்சா நின்னுடுமா?"

நான் அவர் படிவத்தைக் கேட்டு நீலக்கையைப் பார்த்துக் கை நீட்டினேன். அவள் அதை அவரிடம் கொடுத்தாள், அவர் என்னிடம் கொடுத்தார். முறைப்படிதான் நடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்த முறை ஒழுங்காகப் படித்தேன்.

"ஒன்பதாவது கேள்வி. குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்றுநோய் வந்திருக்கா? இல்லை. அப்ப உங்க அண்ணன் யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?"

படிவக்காரர் அங்கியின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"அண்ணன ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப ஃபாரம் எழுதினது நான்தான் அண்ணி" என்றார். "நீங்க அவர் பக்கத்துல இருந்தீங்க. அன்னிக்கு ஒண்ணு விடாம உண்மைய எழுதினேன். ரத்தம், ஆமாம். எடை குறைஞ்சுதா, ஆமாம். எல்லாத்துக்கும் ஆமாம். அதுக்கப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா ஃபாரம் வந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசி ஃபாரத்த என் மேசையிலயே வச்சு எழுதினேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒன்பது நாள் கழித்துத்தான் அவர் அந்த இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாக அவருக்கு இரண்டு நாள் வேலை அது.

அந்த இடத்தில் அழுதிருக்கலாம். ஆனால் அழுதால் அவரும் அழுவார், பிறகு துணியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். வேலை நடக்காது.

"உங்க அண்ணன் ஃபாரத்தால சாகல தம்பி. லேட்டாப் போனதால செத்தார். எட்டு மாசம் சொல்லாம இருந்தார். அதே வார்டுல வேலை பாத்த பொண்டாட்டிகிட்டயே சொல்லல. நீங்க நாலு மாசத்துல மாட்டிக்கிட்டீங்க. அவரவிட நாலு மாசம் லாபம். அத வீணாக்காதீங்க."

"சார், எப்படியும் நான் உங்களத் தொடமாட்டேன்" என்றாள் நீலக்கை. "ரத்தம் போகுதுன்னா இங்க செய்யவே கூடாது. டாக்டர் உள்ள பாத்து, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தா வாங்க."

"அப்ப இந்த அங்கி?"

"கழட்டிடுங்க சார்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றே என் பழைய வார்டு சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே செல்வாக்கு இதுதான். ஐந்தாம் நாள் காலைக்குக் குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்க இடம் கிடைத்தது.

"வீட்டுல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றார், கசப்பு மருந்தை முழுங்குவதுபோல.

சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் ஓரகத்தி என்னைப் போனில் பிடித்தாள். அழுகையும் கோபமுமாக இருந்தாள். எது எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. "நாலு மாசமா மறைச்சிருக்கார் அக்கா! நான் என்னடான்னா புருஷனுக்குப் புத்தி வந்துடுச்சு, தானே துவைக்கிறார்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். எதிர் வீட்டுக்காரி அத வச்சு அவ புருஷனோட சண்ட போட்டு, இப்ப அந்த ஆளும் துவைக்கிறார். நான் இனிமே அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பரிசோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் குடலைக் காலி செய்ய ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்கவேண்டும். இரண்டு பெரிய பாட்டில். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதல் டம்ளரிலேயே முகம் கோணியது.

"உப்பும் சோப்பும் கலந்த மாதிரி இருக்கு அண்ணி."

"குடலக் கழுவத்தானே ஆசப்பட்டீங்க? குடிங்க."

ஒரு மணி நேரம் கழித்து வேலை ஆரம்பித்தது. வாழ்நாள் முழுக்க அந்த அறைக்குள் செய்தித்தாளோடு போனவர், அன்று கண்ணாடியைக்கூட எடுத்துக்கொள்ள நேரமில்லாமல் ஓடினார். ஓரகத்தி சமையலறையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு!" என்று குரல் கொடுப்பாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். "எட்டு!" கோபம் போன பாடில்லை, ஆனால் எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தவறவில்லை. பதினான்கில் நின்றது. கடைசியில் வந்தது வெறும் மஞ்சள் தண்ணீர். எட்டிப் பார்த்து, போதும் என்று சொன்னது நான்தான்.

மறுநாள் மயக்க ஊசி போட்டு, இருபது நிமிடத்தில் முடித்தார்கள். மூலமும் இருந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. குடலின் இடதுபக்க வளைவில் இரண்டு சதை முளைகள். ஒன்று பட்டாணி அளவு, மற்றொன்று திராட்சை அளவு. இரண்டையும் அங்கேயே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம்.

அந்த வாரம் அவர் வழக்கம்போல் மேசைக்குப் போனார். ஆனால் சாயங்காலமானால் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் காய் நறுக்கினால் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்கு என்ன ஆறுதல் சொல்வது? ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு நாளும் மறுக்காமல் குடித்தார்.

ஏழாம் நாள் நாங்கள் மூவரும் போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரி. சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"சின்னது சாதாரண முளை. பெரியது மாற ஆரம்பிச்சிருக்கு, ஆனா இன்னும் புற்றா ஆகல. முழுசா எடுத்தாச்சு. இன்னும் சில வருஷம் விட்டிருந்தீங்கன்னா நாம வேற விஷயம் பேசிக்கிட்டிருப்போம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்."

ஓரகத்தி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டு, நிமிர்ந்ததும் புருஷனின் தோளில் ஒரு அடி கொடுத்தாள். சத்தம் வெளியே வரை கேட்டிருக்கும். டாக்டர் பார்க்காததுபோல் ஏதோ எழுதினாள். பிறகு, "உங்க அண்ணனுக்கும் இருந்திருக்கு, உங்களுக்கும் முளை வந்திருக்கு. உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்களும் நாற்பது வயசுல ஒருதரம் பாத்துக்கணும். இன்னிக்கே சொல்லிடுங்க" என்றாள்.

படிவக்காரர் வராந்தாவுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டார். நடுவில் எங்கோ சிக்னல் போனது. அதனால் கத்தினார். வெளி நோயாளிகள் இரண்டு வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கத்தினார்.

"ஆமாம்மா, ரத்தம்! மலத்துல! நாலு மாசமா! சொல்லாம இருந்தது என் தப்புதான். ரெண்டு முளைய எடுத்துட்டாங்க. இல்லம்மா, உள்ள குழாய் விட்டுத்தான். பின்பக்கமாத்தான்! உனக்கும் பாக்கணும். நாற்பது வயசுல... வெக்கமாவது ஒண்ணாவது!"

"மெதுவாப் பேசுங்க" என்று ஓரகத்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. நான் இழுக்கவில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தபடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி இருக்கையில் ஒரு தடித்த மனிதர், கையில் பல்வலிக்கோ எதற்கோ ஒரு சீட்டோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து மெல்ல வந்து படிவக்காரரின் காதருகில் நின்றார்.

"ஏங்க, தப்பா நெனக்காதீங்க. அந்த மாதிரி ரத்தம் வந்தா எந்த ரூம்ல காட்டணும்?"

படிவக்காரர் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பதினாலாம் நம்பர். இன்னிக்கே போங்க" என்றார்.